அச்சம் நீங்காத இடத்தில் செயலமர்வுகளால் பயனில்லை

அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் பீற் ஹெக்செத், 2025 மே மாத இறுதியில், தமது திணைக்களத்தின் செயற்பாட்டுப் பரிசோதனை, மதிப்பீட்டுப் பணிப்பாளர் அலுவலகத்தை 30 சிவில் ஊழியர்கள், 15 படையினர், ஒரு சிரேஷ்ட அதிகாரி என்ற அளவுக்குக் குறைக்குமாறு பணித்தார். வருடாந்தம் 30 கோடி டொலர் மீதப்படும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஆயுதங்களைத் தயாரிப்போரினதும் கொள்வனவு செய்வோரினதும் பிடியிலிருந்து விலகி நின்று உண்மையைக் கூறவென 1983 இல் காங்கிரஸ் உருவாக்கிய அலுவலகம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு போர்வாகனத்தின் எந்தப் பாகம் தாக்கப்பட்டால் அது செயலிழக்கும், உள்ளிருப்போருக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே கணிப்பது எளிதான காரியமன்று. எரிபொருள் தாங்கி, மின்கம்பி, வெடிபொருள் அடுக்கு என ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இடவேண்டியுள்ளது. பல வேளைகளில் நிபுணர்களின் அனுமானமே இலக்கமாகிக் கணினிக்குள் செல்கின்றது. இங்குதான் தர முகாமைத்துவச் செயலமர்வுகள் கைகொடுக்கின்றன. பொறியியலாளரும் பரிசோதகரும் சிப்பாயும் ஒன்றாக அமர்ந்து, சேதம் என்பதற்குப் பொதுவான வரைவிலக்கணம் வகுத்து, கணிப்பைச் சோதனை முடிவுடன் ஒப்பிட்டுத் திருத்தலாம். 1988 இல் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் பிராங் கார்லூச்சி முழுமைத் தர முகாமைத்துவத்தைத் தமது திணைக்களத்தின் கொள்கையாகவே ஏற்றார்.

ஆயினும் முறைமை மட்டும் போதாது என்பதை பிராட்லி கவசவாகனத்தின் வரலாறு உணர்த்துகின்றது. எரிபொருளும் வெடிபொருளும் நிரப்பிய நிலையில் அதனைச் சுட்டுச் சோதிக்க வேண்டுமென விமானப்படைக் கேணல் ஜேம்ஸ் பேர்ட்டன் 1980களில் வலியுறுத்தினார். ஆரம்பச் சோதனைகளில் எரிபொருள் தாங்கிகளில் தண்ணீரே நிரப்பப்பட்டதாக அவர் குற்றஞ்சாட்டினார். அவரை இடமாற்ற முயற்சிகள் நடந்தன. 1986 இல் அவர் ஓய்வுபெற்றார். எனினும், முழு அளவிலான உற்பத்திக்கு முன்னர் உண்மையான சுடுகலன்களால் சோதிக்க வேண்டுமெனக் காங்கிரஸ் சட்டமியற்றியது. பிராட்லியின் பிந்திய வடிவங்களில் வெடிபொருள் வைக்கும் முறை மாற்றப்பட்டது. தெறிக்கும் உலோகத் துண்டுகளைத் தடுக்கும் உட்கவசமும் மேலதிகக் கவசமும் சேர்க்கப்பட்டன.

தர முகாமைத்துவத்தின் முன்னோடியான எட்வேர்ட்ஸ் டெமிங் வகுத்த 14 நெறிகளுள் ஒன்று, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றவேண்டும் என்பதாகும். பாதகமான முடிவைக் கூறுபவரின் பதவி பறிபோகுமாயின், எத்தனை செயலமர்வுகள் நடத்தினாலும் மேசைக்கு வருவது இனிப்பான இலக்கங்களே. பேர்ட்டன் தனிமனிதராக நின்று செய்ததை, சட்டத்தின் பாதுகாப்புடன் செய்யவே சுயாதீன அலுவலகம் தேவைப்படுகின்றது.

சிக்கனம் அவசியமே. ஆனால், சோதனைக் களத்தில் மறைக்கப்படும் குறை போர்க்களத்தில் வெளிப்படும்போது, அதற்கான விலையைச் செலுத்துவது உத்தரவில் கையொப்பமிட்டவர் அல்லர். வாகனத்தின் உள்ளே அமர்ந்திருக்கும் சாதாரண சிப்பாயே ஆவார்.