டெல்லி பேரில் ஒரு கிருமி

கிருமிக்குப் பேர் வைத்த விவகாரம் நாடாளுமன்றம் வரை போய்க் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2010 ஆகஸ்டில் போனது. லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் 'புது டெல்லி' என்ற ஊர்ப்பெயரோடு ஒரு கட்டுரை வெளிவர, இங்கே செய்தி சேனல்கள் முழுக்க 'சூப்பர்பக்' பேச்சுதான். இந்திய மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். சுகாதார அமைச்சகம் அறிக்கை விட்டு மறுத்தது. கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்தும் போனார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்த்து உலக நாடுகள் கைகோர்ப்பது ஏன் இத்தனை இழுபறியாக இருக்கிறது என்று கேட்பவர்கள், ஐ.நா. தீர்மானங்களைப் படிப்பதற்கு முன்னால் இந்தப் பழைய சண்டையைப் படிப்பது நல்லது.

முதலில் ஒரு திருத்தம். என்டிஎம்-1 என்பது கிருமியே இல்லை. பாக்டீரியா தயாரிக்கும் ஒரு நொதி. 'நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். மற்ற ஆண்டிபயாடிக்குகள் கைவிட்ட பிறகு ஐ.சி.யூ.வில் டாக்டர்கள் எடுக்கும் கார்பபெனம் வகை மருந்துகளை இது உடைத்துப் போட்டுவிடும். அதைவிட மோசமான விஷயம், இதற்கான மரபணு இருக்கும் இடம். பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. பரீட்சை ஹாலில் ஒரு பிட்டுப் பேப்பர் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறுமே, அதுபோல ஒரு வகை பாக்டீரியாவிடமிருந்து இன்னொரு வகைக்குப் போய்விடும். பிட்டு எழுதியவன் மாட்டினாலும் பிட்டு மாட்டாது!

2008-ல் சுவீடனில், அதற்குச் சற்று முன் டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய ஒரு நோயாளியிடம் இது முதலில் பிடிபட்டது. 2009-ல் அதற்கு டெல்லியின் பெயரை வைத்தார்கள். 2010-ல் வந்த கட்டுரைதான் பெரிசு. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 மாதிரிகளில் இது இருப்பதை அது காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கூட்டாக எழுதியவர்களில் முக்கியமானவர் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோதி வால்ஷ். (இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.)

ஊர்ப்பெயர் வைப்பது அந்தத் துறையில் வழக்கம்தான். வெரோனா, சாவ் பாவ்லோ, சியோல் எல்லாம் இப்படி நொதிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டவையே. அங்கெல்லாம் யாரும் தெருவில் இறங்கவில்லை. ஆனால் இந்தக் கட்டுரை, அறுவை சிகிச்சைக்காக இந்தியா போகும் பிரிட்டிஷ் நோயாளிகளைப் பற்றியும் எச்சரித்தது. அறிவியல் கண்டுபிடிப்போடு வியாபாரத்தைத் தொடும் ஒரு வரியும் சேர்ந்துகொண்டது. அந்தப் பகுதியில் தனக்கு உடன்பாடில்லை என்று குமாரசாமியே பத்திரிகைகளிடம் சொன்னார். லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில், அந்தப் பெயரை வைத்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். பெயர் மட்டும் மாறவில்லை.

இந்தியாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டதுதான் கோளாறு. 2011-ல் அதே குழு டெல்லித் தண்ணீரைச் சோதித்து, 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும், தேங்கி நின்ற நீரின் 171 மாதிரிகளில் 51-லும் இந்த மரபணு இருப்பதாக எழுதியது. ஜனங்கள் குடிக்கிற குழாய்த் தண்ணீர் சார்! ஆனால் மாதிரிகளை அனுமதியில்லாமல் வெளிநாடு கொண்டுபோனார்கள் என்பதே பெரிய பேச்சாக இருந்தது. மானம் போன இடத்தில் மருந்து பற்றி யார் பேசுவார்கள்?

பேசியது சில டாக்டர்கள். 2012 ஆகஸ்டில் சென்னையில் டாக்டர் அப்துல் கஃபூர் முயற்சியில் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. உடனே எல்லாவற்றையும் தடை செய் என்று கத்தாமல், இந்த நாட்டில் நடக்கக்கூடியதை மட்டும் கேட்டது அது. 2013-ல் அரசு ஹெச்1 என்ற மருந்துப் பட்டியலை அறிவித்து, 2014 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கார்பபெனம் உட்பட அந்தப் பட்டியல் மருந்துகளை விற்றால் மெடிக்கல் ஷாப்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதி நோட்டு வைத்திருக்க வேண்டும். (எத்தனை கடையில் அந்த நோட்டு இருக்கிறது என்று கேட்காதீர்கள்.)

இப்போது சீனாவுக்குப் போவோம். கார்பபெனமும் தோற்றால் மிச்சமிருப்பவற்றில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கிவைத்து, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்த பழைய மருந்து. அதைச் சீனப் பண்ணைகளில் பன்றிகள் கொழுக்கத் தீவனத்தில் டன் டன்னாகக் கலந்தார்கள். 2015 நவம்பரில் அங்கே, கொலிஸ்டினை வெல்லும், பிட்டு மாதிரி கைமாறும் ஒரு மரபணு இருப்பதாகக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் சீன விஞ்ஞானிகள், கூடவே அதே வால்ஷ்! மரபணுவுக்கு வைத்த பெயர் எம்சிஆர்-1. அதில் பெய்ஜிங்கும் இல்லை, ஷாங்காயும் இல்லை.

சீனா மறுக்கவில்லை. 2017-ல் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2015-ல் 27,170 டன்னாக இருந்த கொலிஸ்டின் உற்பத்தி 2018-ல் 2,497 டன்னாக இறங்கியது. ஆஸ்பத்திரி நோயாளிகளில் எம்சிஆர்-1 உள்ள பாக்டீரியாவைச் சுமந்தவர்கள் 2016-ல் 14.3 சதவீதம், 2019-ல் 6.3 சதவீதம். 2019-ல் இந்தியாவும் கால்நடை, கோழி வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடை செய்தது, ஒரு சத்தமும் இல்லாமல்.

பன்றித் தீவனத்தை நிறுத்துவதும், நூறு கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள நாட்டின் சாக்கடையைச் சரிசெய்வதும் ஒன்றல்ல. பெயர் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அபத்தம். ஆனாலும் ஒரு வேறுபாடு கண்ணில் படாமல் போகாது. ஒரு கதையில், சொன்ன நாடு குற்றவாளிக் கூண்டில் நின்றது. இன்னொன்றில், சொன்ன நாட்டின் விஞ்ஞானிகள்தான் பாராட்டையும் வாங்கினார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், சர்வதேச ஒருங்கிணைப்பு என்பதே கடைசியில் ஒவ்வொரு நாடும் தன் வீட்டு அழுக்கைத் தானே எண்ணிச் சொல்வதுதான். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தொடங்கிய 'கிளாஸ்' கண்காணிப்பு அமைப்புக்கு 2023-க்கான கணக்கைக் கொடுத்தவை 104 நாடுகள். கிட்டத்தட்ட பாதி நாடுகள் கொடுக்கவில்லை. கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் கிடையாது. கொடுத்த கணக்கின்படி லேபில் உறுதியான தொற்றுகளில் ஆறில் ஒன்று மருந்துக்கு அடங்காதது. தென்கிழக்கு ஆசியப் பகுதியில் மூன்றில் ஒன்று. இதிலும் ஒரு சிக்கல். ஏழை நாடுகளில் லேப் வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறது, அங்கே வருவதோ முற்றிய கேஸ்கள். உள்ளதைச் சொன்னால் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். சொல்லாதவன் சுத்தமானவன் போலத் தெரிவான்.

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா ஒமிக்ரானைக் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னது. ஒரு சில நாளில் கிடைத்த பரிசு, விமானத் தடை. அதைப் பார்த்த எந்தச் சுகாதார அமைச்சர் அடுத்த முறை வாயைத் திறப்பார்?

2024 செப்டம்பரில் ஐ.நா.வில் கூடிய நாடுகள், 2019-ல் மருந்தெதிர்ப்போடு தொடர்புடையதாகக் கணக்கிடப்பட்ட 49.5 லட்சம் மரணங்களை அடிப்படையாக வைத்து, 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டன. குறைந்ததா என்று பார்க்க எண்ண வேண்டும், எண்ண லேப் வேண்டும், லேபுக்குப் பணம் வேண்டும். ஏழை நாடுகளில் அந்த லேப்களைக் கட்டிக்கொண்டிருந்தது பிரிட்டனின் ஃபிளெமிங் நிதி. 2025-ல் அந்த நிதியை நிறுத்துவதாகப் பிரிட்டன் அறிவித்தது.