பக்கத்து மாநிலத்துத் தூரம்

படையில் சேர்ந்தவனுக்கு வீட்டு நினைப்பு ஆகாது என்பது எல்லா நாட்டிலும் ஊறிப்போன எண்ணம். முடியை ஒட்ட வெட்டி, சொந்தத் துணியைக் கழற்ற வைத்து, விடியுமுன் எழுப்பி ஓடவிடும் பயிற்சி முகாமின் வேலையே பழைய ஆளை மறக்கடித்துப் புதிய ஆளை வார்ப்பதுதான் என்பார்கள். அதனால் ஊரில் விட்டுவந்த பெண்ணை நினைத்து உருகுபவன் அரைச் சிப்பாய்தான் என்றும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தப்பு. பயிற்சியின் சலிப்பையும் அவமானத்தையும் ஒருவன் தாங்கிக்கொள்ளப் பல நேரம் அந்த ஏக்கமே உதவுகிறது. இதற்குச் சாட்சியாகக் கடிதக் கட்டு ஒன்று இருக்கிறது.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹாரி ட்ரூமன், 1917 செப்டம்பரில் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில்லில் இருந்த டோனிஃபன் முகாமுக்குப் போனபோது அவருக்கு வயது 33. மிசூரி மாநிலத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். கட்டாய ஆள்சேர்ப்பு 30 வயதோடு நின்றதால் அவர் போயே ஆக வேண்டும் என்றில்லை. கண் பார்வையும் மோசம். விரும்பித்தான் போனார். இண்டிபெண்டன்ஸ் ஊரில் இருந்த பெஸ் வாலஸிடம் 1911இல் கல்யாணப் பேச்சை எடுத்து மறுப்பு வாங்கி, 1913இல் நிச்சயமாகி, கல்யாணம் மட்டும் தள்ளிக்கொண்டே போன நேரம் அது. முகாமில் புழுதிக்காற்று. அடித்தால் எதிர்க் கூடாரம் தெரியாது. அதற்கு நடுவே உட்கார்ந்து பெஸ்ஸுக்கு அடிக்கடி எழுதினார்: பீரங்கிப் பாடம், அதிகாரிகளின் கெடுபிடி, குளிர். ஆளுக்கு இரண்டு டாலர் வசூலித்து, எட்டி ஜேக்கப்சனோடு சேர்ந்து ரெஜிமென்டுக்காக நடத்திய கேண்டீனைப் பற்றியும் எழுதினார். அவளிடமிருந்து தபால் வராத நாளில் ஏன் வரவில்லை என்ற புலம்பலும் உண்டு.

பயிற்சிக் காலத்துப் பிரிவுக்கு என்று ஒரு தனி வலி இருக்கிறது. போர்முனையில் இருப்பவனுக்கும் காதலிக்கும் நடுவே கடல் இருக்கிறது, குண்டு விழுகிறது. பிரிவுக்கு ஒரு நியாயம் கண்ணுக்குத் தெரிகிறது. முகாமில் இருப்பவனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஓக்லஹோமாவும் மிசூரியும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். அவள் இருக்கும் ஊருக்கு ரயில் போகிறது, ஏறத்தான் உத்தரவில்லை. 1918 மார்ச்சில் பிரான்சுக்குக் கப்பல் ஏற நியூயார்க் போகும் வழியில், விடிவதற்கு முன் கான்சாஸ் சிட்டியை ஒட்டிய ரோஸ்டேல் யார்டில் ட்ரூமனின் ரயில் நின்றது. இறங்கி ஓடி, அங்கே வேலையில் இருந்த ரயில்வே ஊழியரிடம் நிச்சயமான பெண்ணோடு பேச ஃபோன் கேட்டார். தாராளமாகப் பேசு, விடியாத இந்த நேரத்தில் எழுப்பியும் அவள் உறவை முறிக்காவிட்டால் நிஜமாகவே உன்மேல் ஆசை உள்ளவள்தான் என்றாராம் அந்த மனிதர். சில மைல் தூரத்தில் இருப்பவளிடம் குரலை மட்டும் கொடுத்துவிட்டு மறுபடி ரயில் ஏற வேண்டியிருந்தது.

இப்படி உருகுபவன் உருப்படியான படைவீரனாவானா என்று கேட்பவர்களுக்கு, முகாமில் இருந்த ஆறு மாதங்களிலும் அதன் பிறகும் அவர் செய்ததே பதில். கேண்டீன் நல்ல லாபத்தில் நடந்தது. வெளிநாட்டுப் பீரங்கிப் பள்ளிக்கு முன்னதாக அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அடங்காத கூட்டம் என்று பெயரெடுத்த டி பேட்டரி என்ற பீரங்கிப் பிரிவை 1918 ஜூலையில் அவர் கையில் கொடுத்தார்கள். ஏக்கம் எந்த வேலையையும் கெடுத்ததாகத் தெரியவில்லை. நம் நெடுநல்வாடையிலும் இரவெல்லாம் பாசறையில் புண்பட்டவர்களைப் பார்த்து நடக்கும் அரசனும், அரண்மனையில் அவனை நினைத்து உறங்காமல் கிடக்கும் அரசியும் ஒரே பாட்டில் இருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றுக்கு இழுக்கு என்று புலவர் நினைக்கவில்லை. இதே ட்ரூமன்தானே 1945இல் அணுகுண்டு வீச ஒப்புதல் தந்தவர் என்று கேட்டால், ஆமாம், அவரேதான். காதல் ஒருவரை நல்லவராக்கும் என்று நான் சொல்லவில்லை. முகாமில் ஒரு மனிதனைக் குலையாமல் நிறுத்துவது எது என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

அவர் எழுதத் தெரிந்த அதிகாரி. எழுதத் தெரியாத சாதாரணச் சிப்பாய்க்கு இது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர்களின் எழுத்தறிவைச் சோதித்த உளவியலாளர்கள் வைத்த அளவுகோல் இது: செய்தித்தாளைப் படித்து, வீட்டுக்குக் கடிதம் எழுத முடிகிறதா? ஏறத்தாழ நான்கில் ஒருவரால் முடியவில்லை. சிப்பாய்க்கு எழுத்து எதற்கு என்று யோசித்ததும் வீட்டுக் கடிதம்தான் அவர்கள் நினைவுக்கும் வந்திருக்கிறது. ஒய்.எம்.சி.ஏ. முகாம்களில் குடில் போட்டுத் தாளும் உறையும் இலவசமாகத் தந்தது. எழுதத் தெரியாதவர்களுக்காக எழுதியும் கொடுத்தது. அடுத்த போரில், 1942 ஏப்ரல் முதல், தபால்தலைக்குப் பதிலாக உறையின் வலது மேல் மூலையில் ‘இலவசம்’ என்று சிப்பாய் கையால் எழுதினாலே போதும், கடிதம் போய்ச் சேர்ந்தது. 1945இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கிடங்கு கிடங்காகத் தேங்கிய தபாலைப் பிரிக்கச் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் கறுப்பினப் பெண்களின் 6888ஆம் தபால் பட்டாலியனை அனுப்பினார்கள். ஆறு மாத வேலையை அவர்கள் மூன்றே மாதத்தில் முடித்தார்கள். ஏக்கத்தைப் பலவீனமாக மட்டும் நினைத்த ராணுவம் கடிதங்களுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்காது.

எனக்கே முழுப் பதில் கிடைக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் காத்திருந்தவள் என்ன பட்டாள்? போருக்குப் போகுமுன்பே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று பெஸ் விரும்பினார். ஊனமாகித் திரும்பும் ஒருவனோடோ விதவைக் கோலத்தோடோ அவளைக் கட்டிப்போடக் கூடாது என்று ட்ரூமன்தான் மறுத்தார். அக்கறையில் பிறந்த முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் எதைத் தாங்க முடியும் என்று சொல்ல வேண்டியவள் அவள். அவள் சொல்லியும் அது எடுபடவில்லை. அவர் பெஸ்ஸுக்கு வாழ்நாளில் எழுதியவற்றில் 1,300க்கும் மேற்பட்ட கடிதங்கள் ட்ரூமன் நூலகத்தில் இருக்கின்றன. தான் எழுதியவற்றில் பெரும்பகுதியைப் பெஸ்ஸே எரித்துவிட்டார். பயிற்சி முகாமின் ஏக்கம் நமக்கு ஆண் குரலிலேயே கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவள் கொடுத்தனுப்பிய புகைப்படம் மிஞ்சியிருக்கிறது. பிரான்சிலிருந்து அவரைப் பத்திரமாக வீடு சேர்க்க அந்தப் படத்தையே வேண்டிக்கொண்டு பின்பக்கம் எழுதியிருந்தாள். அதைச் சட்டையின் மார்புப் பையில் வைத்துக்கொண்டுதான் அவர் போர்முனைக்குப் போனார். 1919 மே மாதம் படையிலிருந்து விடுபட்டார். ஜூன் 28 அன்று கல்யாணம். நிச்சயமாகி ஏறத்தாழ ஆறு வருடம் ஓடியிருந்தது. பெஸ்ஸுக்கு அப்போது 34 வயது.