தூண்டிலுக்குக் கோப்பை எதற்கு?

சென்ற பிப்ரவரித் திங்கள் கடைசி ஞாயிறன்று நமது மன்றத்தைச் சேர்ந்த 14 பேர் மீன் பிடிக்கப் போனோம். மாலையில் எண்ணிப் பார்த்தபோது கையில் இருந்தவை ஏழு மீன்கள். ஆறு, உள்ளங்கை அகலத் திலேப்பியா. ஏழாவது ஒரு கொடுவா. தலைக்கு அரை மீன் வீதம் கிடைத்த இந்த மாபெரும் வேட்டையைப் பற்றி ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். நான் எழுத வந்தது மீனைப் பற்றி மட்டுமன்று. அதன் பிறகு நமது மன்றக் கூட்டத்தில் எழுந்த ஒரு யோசனையைப் பற்றி.

வரும் ஆண்டு இதே பயணத்தைப் பெரிய அளவில் சிலிகா ஏரியில் நடத்துவது. வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவது. எல்லாரிலும் பெரிய கொடுவாவைப் பிடிப்பவருக்குச் சுழற்கோப்பை ஒன்று வழங்குவது. இதுதான் யோசனை. கைதட்டல் கூரையைப் பிளந்தது. மறுத்துப் பேச எழுந்தவன் நான் ஒருவன். அதற்குள் நேரமாகிவிட்டதென்று மணி அடித்துவிட்டார்கள். அன்று தொண்டையில் நின்றதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

சிலிகாவுக்குப் போவதில் எனக்கு எள்ளளவும் மறுப்பு இல்லை. ஹௌராவிலிருந்து சென்னை மெயிலில் ஊர் திரும்பும் நம்மவர் யார்தாம் அந்த ஏரியை மறப்பர்? விடிந்து நெடுநேரம் ஆகாத வேளையில், பல் துலக்கிவிட்டுச் சன்னல் ஓரம் உட்கார்ந்தால், தண்டவாளத்துக்கு அருகே வந்து வந்து போகும் அந்த நீர்ப்பரப்பு, 'மூன்றில் ஒரு பங்கு வழி வந்துவிட்டாய்' என்று சொல்வதுபோல் இருக்கும். அங்கே இறங்க வேண்டும் என்பது எனக்கும் ஆசைதான். கோப்பைதான் வேண்டாம் என்கிறேன்.

முதலில், அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நியூ டவுனுக்குத் தெற்கே, நகரத்தின் கிழக்கு விளிம்பில், பேரி என்று வங்காளிகள் அழைக்கும் மீன் ஏரிகள் பரந்து கிடக்கின்றன. கொல்கத்தாவின் கழிவுநீர் அங்கே போய்ச் சேருகிறது. முகம் சுளிக்க வேண்டாம். ஏரியின் ஆழம் இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. ஆழம் குறைவாக இருப்பதால் வெயில் அடிவரை இறங்குகிறது. வெயிலால் பாசி பெருகுகிறது. பாசி வெளியிடும் உயிர்வாயுவைக் கொண்டு நுண்கிருமிகள் அழுக்கைச் சிதைக்கின்றன. அதில் பெருகும் நுண்ணுயிர்களை மீன் தின்கிறது. கரையோரம் மிதக்கவிட்ட ஆகாயத்தாமரை அலையைத் தடுத்து வரப்பைக் காக்கிறது. கோடிக்கணக்கில் செலவிட்டு இயந்திரம் நிறுவிச் செய்ய வேண்டிய வேலையை மீனவர் மீன் வளர்த்தே செய்து முடிக்கிறார்கள். இதை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் (1947–2018) என்ற பொறியாளர். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்த நிலத்தைக் கட்டடக்காரர்களிடமிருந்து காத்தது. 2002இல், 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் ஏறியது.

அந்தப் பேரிகளில் ஒன்றில், கட்டணம் செலுத்தித் தூண்டில் போட இடம் கேட்டோம். இருவர் அமரும் கயாக் ஏழு வாடகைக்கு எடுத்துச் சென்றோம். பனிநாட்டு வேடர் கடல்நாயின் தோல் போர்த்திக் கட்டிய படகின் பெயர் அது. நாம் ஏறியதோ பிளாஸ்டிக் வார்ப்பு. பேரியின் காவலர், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், எங்கள் மஞ்சள் சிவப்புத் தோணிகளைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "தாதா, இதில் கொடுவா கிடைக்குமா?" என்று அரைகுறை வங்காளத்தில் கேட்டேன். கொடுவா என்ற சொல் அவருக்கு விளங்கவில்லை. கையால் காட்டினேன், பெரிய வாய், கூனிய முதுகு, வெள்ளிச் செதிள். "ஓ, பேட்கி!" என்றார்.

நண்பர்களே, அந்தக் கணத்தில் எனக்கு உண்டான வெட்கத்தை என்னவென்பேன்! பொன்னேரிப் பக்கத்தில் பிறந்தவன். பழவேற்காட்டுக் கொடுவாவை அம்மா குழம்பு வைத்து ஊட்ட வளர்ந்தவன். அதற்கு மேல் விலங்கியல் முதுகலை மாணவன். ஈராண்டாக விடுதி விருந்துகளிலும் கல்யாண வீடுகளிலும் வாழையிலையில் பொதிந்த 'பேட்கி பாத்துரி'யைச் சப்புக்கொட்டித் தின்று, 'வங்காளிகளின் மீனுக்கு ஈடில்லை' என்று வீட்டுக்குக் கடிதமும் எழுதியிருக்கிறேன். அது என் சொந்த ஊர் மீன்தான். ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பதும் இதையே. அமெரிக்கர் கயாக்கில் ஏறித் தேடும் பாஸ் வேறு இனம். அது நன்னீர் மீன்.

திலேப்பியாக் குஞ்சு பெருகிப்போனால் தின்று குறைக்கட்டும் என்று, தெற்கே உப்பங்கழிப் பக்கமிருந்து கொண்டுவந்த பேட்கிக் குஞ்சுகள் சிலவற்றை அந்தப் பேரியில் விட்டிருந்தார்கள். அவற்றைத்தான் நாங்கள் குறி வைத்தோம். குறி வைத்து என்ன பயன்? முதல் ஒரு மணி நேரம் ஏழு கயாக்கும் குதிரைப் பந்தயம்போல் ஓடின. மார்பளவுத் தண்ணீரில் துடுப்பு ஒருமுறை தோணியின் விலாவில் தட்டினால் ஏரி முழுவதும் தந்தி அடித்தது போலத்தான். சேறு கலங்கிற்று. மீன் ஒன்றுகூட அருகே வரவில்லை. காவலர் கரையிலிருந்து, 'நீங்கள் மீன் பிடிக்க வந்தீர்களா, ஏர் உழ வந்தீர்களா?' என்று கூவினார். அதன் பிறகுதான் அடங்கினோம். ஒருவருக்கொருவர் முப்பது நாற்பது அடி இடம் விட்டு, துடுப்பை மடியில் கிடத்தி, காற்று தள்ளும் வழியே மிதந்தோம். யாருக்கேனும் தூண்டில் அசைந்தால் மற்றவர் மூச்சடக்கிக் காத்தோம். ஆழம் குறைந்த ஏரியின் இயல்பு இதுதான். அங்கே ஒருவன் செய்யும் சத்தம் எல்லாரின் மீனையும் விரட்டிவிடும். கோப்பை என்று ஒன்றைக் கரையில் வைத்துவிட்டு, இப்படி மூச்சடக்கிக் காத்திருக்கும் பெருந்தன்மையை நம்மிடம் எதிர்பார்க்க முடியுமா? என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். என் குணம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. 14 பேரில் தூண்டிலைத் தொட்டவர் ஒன்பதின்மர். ஐவர் வெறுமனே துடுப்புப் போடவும், நீர்க்காகம் பார்க்கவும், தமிழில் வாய்விட்டுப் பேசவும் வந்தவர்கள். வாரம் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் உடைந்த வங்காளமும் பேசிக் களைத்த நாவுக்கு அந்த ஒரு பகல் எவ்வளவு பெரிய விடுதலை! அந்தக் கொடுவாவைப் பிடித்தவர்கூட மீன்காரர் அல்லர். தஞ்சைப் பக்கத்து முதலாண்டு மாணவி, சைவம். தோழி காபி குடிக்க வேண்டித் தூண்டிலை அவர் கையில் ஒரு நிமிடம் கொடுத்தார். அந்த ஒரு நிமிடத்தில் இறாலைக் கவ்விவிட்டது மீன். "ஐயோ அக்கா, இதை என்ன செய்ய?" என்று அவர் கத்தியது எதிர்க்கரையில் கேட்டது. நுழைவுக் கட்டணமும் போட்டி விதியும் வந்தால் இந்த ஐவரும் வரப்போவதில்லை. அந்தத் தங்கையும் வரப்போவதில்லை.

இனி விஞ்ஞானத்துக்கு வருகிறேன். கொடுவாவின் வாழ்க்கை விசித்திரமானது. அது ஆணாகப் பருவமடைகிறது. மூன்று நான்கு வயதில் ஆண். ஆறு ஏழு வயதுக்கு மேல், உடல் நன்கு பெருத்த பிறகு, பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஏரியில் உள்ள மிகப் பெரிய கொடுவா அநேகமாகத் தாய் மீன். கழிமுகத்து உவர்நீரில் இலட்சக்கணக்கில், உடல் பெருக்கப் பெருக்கக் கோடிக்கணக்கிலும், முட்டையிடக் கூடியது. நாங்கள் சென்ற பேரியில் இது ஒரு பொருட்டன்று. அங்கே உவர்நீர் இல்லை. அங்குள்ள கொடுவா பெருகவும் போவதில்லை. வளர்த்தவர் விற்கத்தான் போகிறார். சிலிகா அப்படியா? அது கடலோடு வாய் திறந்த உப்பங்கழி. அங்கே 'எல்லாரிலும் பெரியது எதுவோ அதற்குக் கோப்பை' என்று முரசறைவது, ஊரில் உள்ள தாய்மாரைத் தேடிப் பிடிக்கப் பரிசு வைப்பதாகாதா? ஆஸ்திரேலியாவில் குயீன்ஸ்லாந்து மாநிலத்தார் இதை உணர்ந்திருக்கிறார்கள். அங்கே 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் எடுக்கலாகாது. 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுக்கலாகாது. சிறியதை விடச் சொல்வது எல்லா நாட்டிலும் உண்டு. பெரியதையும் விடு என்பதில்தான் அறிவு இருக்கிறது.

உடனே நண்பர் ஒருவர், 'அமெரிக்கப் போட்டிகளில் செய்வதுபோல் அளவுப் பலகையில் வைத்துப் படம் எடுத்துவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டுவிடுவோமே' என்பார். கூட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் அது நல்ல வழக்கம். ஆனால் அதே பாஸ் மீனை 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அது அங்குள்ள சொந்த மீன்களைத் தின்று கொழுத்தது. 2009இல் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் 10 கிலோவுக்குச் சற்றே மிகுந்த ஒன்றைப் பிடித்து, ஜார்ஜ் பெர்ரி 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் நிறுவிய உலக எல்லையைத் தொட்டார். அந்தப் பிவா ஏரியில், பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவது 2003 முதல் சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கிறது! ஒரே மீன், ஒரே தூண்டில். ஓர் ஏரியில் விடுவது அறம், மற்றோர் ஏரியில் விடுவது குற்றம். ஆகையால் போட்டி விதியை அயல்நாட்டு ஏட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து எந்த ஏரிக்கும் சூட்டிவிட முடியாது. ஏரியைத்தான் கேட்க வேண்டும். ஏரியில் வாழ்வோரைக் கேட்க வேண்டும்.

சிலிகாவில் வாழ்வோர் யார்? தலைமுறை தலைமுறையாக அந்த நீரை நம்பிய மீனவர். இறால் பண்ணைக்காரர் நுழைந்து அவர்களுடைய நீரை வளைத்தபோது அவர்கள் போராடினார்கள். 1990களின் தொடக்கத்தில், பெருமுதலாளிகளின் இறால் திட்டம் ஒன்றை எதிர்த்து அவர்களோடு தோளொட்டி நின்றவர்களில் உத்கல் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. நம்மைப் போன்ற மாணவர்கள்தாம்! 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், சிலிகாவிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாதென்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நமது தமிழ்நாட்டுச் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன். என் ஊர் ஏரியும் ஒரியர்களின் ஏரியும் ஒரே தீர்ப்பில் காப்பாற்றப்பட்டன என்பதை நினைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. தீர்ப்பு வந்தும் துயரம் தீரவில்லை. 1999 மே மாதம் சோரனா என்ற ஊரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அப்படிப்பட்ட நீரில் வண்ணத் தோணிகளோடு இறங்கி, அவர்களுக்கு ஒரு நாள் கூலியாகும் மீனைப் பிடித்து, படம் எடுத்து, கோப்பைக்குக் கைதட்டுவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். ஆழம் இல்லையே என்று எங்களில் நால்வர் மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டோம். நானும் ஒருவன். திரும்புகாலில் என் கயாக் கவிழ்ந்தது. தண்ணீர் மார்பளவுதான், ஆனால் கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கிற்று. காவலர் நீண்ட மூங்கில் ஒன்றை நீட்டித் தூக்கினார். என் ஒரு செருப்பு இன்றும் அந்தப் பேரியில்தான் இருக்கிறது. 2022 மே 21ஆம் நாள், ரவீந்திர சரோவரில் துடுப்புப் பயிற்சியில் இருந்த பள்ளி மாணவர் இருவர், திடீரென வந்த கோடைப் புயற்காற்றில் படகு கவிழ்ந்து இறந்ததை இந்த ஊரில் நெடுநாள் இருப்போர் அறிவர். அதுவும் நகரத்தின் நடுவே உள்ள ஏரிதான். சிலிகாவோ கரை தெரியாத பரப்பு. அங்கே பெரிய மீனுக்காகக் கூட்டத்தைவிட்டு ஒதுங்கிப் போக ஒருவனைத் தூண்டுவது கோப்பைதானே?

சரி, வேறு என்ன செய்யலாம்? பிப்ரவரியிலேயே போவோம்; காற்று எழும் காலத்துக்கு முன். கட்டணம் என்று வசூலிக்கும் பணத்தைக் கோப்பைக்குக் கொடுக்காமல், மீனவர் சங்கத்தாரிடம் கொடுத்து அவர்களுடைய படகையும் அவர்களில் இருவரையும் வழிகாட்டக் கேட்போம். கயாக்குகள் அந்தப் படகைச் சுற்றியே மிதக்கட்டும். தூண்டில் போட விரும்புவோர் அவர்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் அளவு மீனுக்குப் போடட்டும். நடுத்தரமானது கிடைத்தால் சமைப்போம். தாய் மீன் என்று தோன்றினால் அவர்கள் சொற்படி செய்வோம். கிடைக்காவிட்டால் அவர்களிடமே காசு கொடுத்து வாங்குவோம். இது என் மாற்றுத் தீர்மானம். முன்மொழிகிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்தச் சைவத் தங்கை வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஏழாவது மீன் என்னவாயிற்று என்று சிலர் கேட்டார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். இன்னும் பருவமடையாத ஆண். பாதியை விடுதிச் சமையற்காரர் கடுகு அரைத்துத் தடவி வாழையிலையில் பொதிந்தார். மீதிப் பாதியைப் புளி கரைத்து, அம்மாவைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, நான் குழம்பு வைத்தேன். எது நன்றாக இருந்தது என்பதில் நமது மன்றம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காவலருக்கு இரண்டிலும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தோம். குழம்பைச் சுவைத்துவிட்டு, 'புளிப்பு அதிகம்' என்றார். கிண்ணத்தைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தார்.