வாசலில் நின்றவர்கள்

தலைமைக் குரு உள்ளே போய்விட்டார். வெளியே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எருசலேம் ஆலயத்தில் யோம் கிப்பூர் என்னும் பாவப்பரிகார நாளின் காட்சி இது. திரைக்கு அப்பாலிருக்கும் கருவறைக்குள் அந்த ஒரு நாள், அந்த ஒருவர் மட்டுமே நுழையலாம். தூபமிட்டுவிட்டு வெளி அறைக்கு வந்து அவர் செய்யும் மன்றாட்டு சுருக்கமாக இருக்க வேண்டும் என்கிறது மிஷ்னா. நீட்டினால், அவருக்கு என்ன ஆயிற்றோ என்று மக்கள் பதறிப்போவார்களாம்.

இதைப் படித்துவிட்டு ‘எப்பேர்ப்பட்ட பக்தி!’ என்று உருகுகிறவர்கள் உண்டு. பக்தி உண்மைதான். ஆனால், தன் கடவுளிடம் பேசத் தனக்கே உரிமையில்லை என்று அந்தக் கூட்டத்தை நம்பவைத்தது எது?

பிறப்பு. ஆரோனின் வழிவந்த ஆண்கள் மட்டுமே குருக்கள். மற்றவர்களுக்கு முற்றங்கள். வேற்றினத்தார் ஓரிடத்தோடு நிற்க வேண்டும். தாண்டினால் சாவுக்கு அவரே பொறுப்பு என்று கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். 1871இல் கிடைத்த அந்தக் கல் இன்று இஸ்தான்புல்லில் இருக்கிறது. பெண்களுக்கென்று ஒரு முற்றம். அடுத்து, யூத ஆண்களுக்கு வெறும் 11 முழ அகலத்தில் ஒரு பட்டை. குருவின் மகனாகவே பிறந்தாலும், பார்வையற்றவரும் நடக்க இயலாதவரும் பலிபீடத்தை நெருங்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 21. உணவில் பங்கு உண்டு, பணி கிடையாது.

சரி, பிறப்பு குருக்களையாவது சமமாக்கியதா? ஆலயம் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், தலைமைக் குருக்களின் ஆட்கள் களத்துமேட்டுக்கே போய் மற்ற குருக்களுக்குச் சேர வேண்டிய தசமபாகத்தைப் பிடுங்கினார்கள். ஏழைக் குருக்கள் பட்டினியால் செத்தார்கள் என்று எழுதுகிறார் ஜோசபஸ். அவரும் குரு குடும்பத்தில் பிறந்தவர்தான்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு யூதர்களைப் பழிக்கக் கிளம்புகிறவர்களோடு நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. இந்த ஆதிக்கத்தைக் கூர்மையாகக் கேள்வி கேட்டவர்கள் யூதர்களே. தால்முத்தில் ஒரு கதை. அதே யோம் கிப்பூர் நாள். சடங்கை முடித்து வந்த தலைமைக் குருவின் பின்னால் மக்கள் திரண்டு போகிறார்கள். வழியில் ஷெமாயா, அவ்தாலியோன் என்ற இரு அறிஞர்களைக் கண்டதும், குருவை விட்டுவிட்டு அவர்கள் பின்னால் போய்விடுகிறார்கள். இருவரும் மதம் மாறிய வேற்றினத்தாரின் வழிவந்தவர்கள். எரிச்சலடைந்த குரு அந்தப் பிறப்பைச் சொல்லியே குத்துகிறார். அவர்களோ, ஆரோனைப் போல நடக்கும் வேற்றினத்தானுக்கு அமைதி உண்டாகட்டும், ஆரோனுக்குப் பிறந்தும் அப்படி நடக்காதவனுக்கு வேண்டாம் என்ற பொருளில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

மிஷ்னாவில் இன்னொரு பத்தி. முதலில் குரு, லேவியர், மற்றவர் என்று பிறப்பு வரிசையைத்தான் அடுக்குகிறது. அடுக்கிவிட்டுக் கடைசியில் தானே உடைக்கிறது: தடைசெய்யப்பட்ட உறவில் பிறந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் கற்றறிந்தவராக இருந்தால், கல்லாத தலைமைக் குருவைவிட அவருக்கே முன்னுரிமை.

பொ.ஆ. 70இல் ரோமானியப் படை ஆலயத்தைக் கொளுத்தியது. பலிபீடம் போயிற்று, குருக்களின் வேலையும் போயிற்று. யூத மதம் போகவில்லை. படித்து ரபி ஆனவர்கள் அதை நடத்தினார்கள். பரம்பரைப் பூசாரி இல்லாவிட்டால் மதமே செத்துவிடும் என்று எந்த நாட்டில் யார் மிரட்டினாலும், இந்த 1,900 ஆண்டுகளைக் காட்டிக் கணக்குக் கேளுங்கள்.

பிறப்பு முழுதாக ஒழிந்துவிடவில்லை. வைதீகத் தொழுகைக்கூடங்களில் தோரா வாசிப்புக்கு முதல் அழைப்பு இன்றும் ஆரோன் வழியினருக்கே. ரெஜினா யோனாஸ் என்ற பெண் ஜெர்மனியில் ரபியாகத் திருநிலை பெற 1935 வரை ஆனது.