கல்லுக்கு ஏது தாய்மொழி?

நசரத்பேட்டைக்கு வடமேற்கே, கொசத்தலையாற்றுப் படுகையில் கிடைத்த அத்திரம்பாக்கம் கற்கோடரிகளை ஆதித்தமிழன் ஆக்கியவை என்போரை நாம் மறுக்கிறோம். 1863-இல் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அவ்விடத்துக் கருவிகளுக்கு, சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்த வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். நம் மனித இனத்துக்கோ சுமார் 3 லட்சம்தான். செதுக்கிய கை தமிழன் கையாவது எங்ஙனம்?

பிற்காலக் குடிகளுக்கும் ஒற்றை வேர் இல்லை. கடல்வழி வந்த பெலிஸ்தரின் ஐரோப்பிய மரபுக்கூறு சில நூற்றாண்டுகளில் உள்ளூராரிடம் கரைந்ததை, 2019-இல் வெளியான அஸ்கலோன் மரபணு ஆய்வு காட்டியது. பெயர் மட்டும் நிலைத்தது.

வந்தும் கலந்துமே குடிகள் உருவாகின்றன. தமிழின் பெருமைக்கு அதன் இலக்கியம் போதும். கல்லைச் சாட்சிக்கு அழைப்போர், அவ்விலக்கியத்தையே நம்பாதவர்கள்.