நீங்க ரஜினி ஆளா, கமல் ஆளா?

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் அடி அண்ணாமலையை எட்டும்போது பாதி தூரத்துக்கு மேல் நடந்து முடித்திருப்பார்கள். அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால், இந்த 14 கிலோமீட்டர் பாதைக்கு விளக்குப் போட ரஜினிகாந்த் உதவியது பேச்சில் வந்துவிடும். கூடவே தலைப்பில் உள்ள கேள்வியும் வரும்.

என் தலைமுறை ஆண்பிள்ளைகளுக்கு அது விளையாட்டுக் கேள்வியல்ல. 1987 தீபாவளிக்கு 'மனித'னும் 'நாயக'னும், 1991-இல் 'தளபதி'யும் 'குணா'வும், 1992-இல் 'பாண்டிய'னும் 'தேவர் மக'னும் ஒன்றாக வந்தன. எதிராளியின் போஸ்டரில் சாணி அடித்தோம். தியேட்டர் வாசலில் சட்டையைப் பிடித்தோம். விட்டுக்கொடுத்தால் ஆம்பளை இல்லை என்று யாரும் சொல்லித் தராமலே நம்பினோம். அந்தச் சண்டையில் முறிந்த நட்புகள் சில இன்னும் சேரவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

அந்த இருவரோ எழுபதைக் கடந்தும் நண்பர்களாகவே இருக்கிறார்கள். திரையில் அவர்கள் நடித்துக்காட்டிய நட்பு அப்படிப்பட்டதல்ல. கே. பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' (1976) படத்தில் ஒரே பெண்ணை விரும்பும் இரண்டு நண்பர்கள் அவர்கள். ஏரியில் கமல் தவறி விழுந்து தத்தளிக்கும்போது, ரஜினி காப்பாற்றாமல் படகிலேயே இருப்பார். பொறாமை ஒருவனை எவ்வளவு அமைதியாகக் கொலைகாரனாக்கும் என்று தமிழில் இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) இன்னும் ஆழமாகப் போகிறது. பெண்களை வெளிப்படையாக மட்டம் தட்டும் தியாகுவாக ரஜினி. பெண்களைப் பற்றிப் படம் எடுக்கும் மென்மையான அருணாகக் கமல். கடைசியில் நாயகி மஞ்சுவைக் கைவிடுவதில் அந்த மென்மையானவனுக்கும் பங்கு உண்டு. முரட்டு மீசை மட்டுமே ஆணாதிக்கம் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய பாடம்.

1979-க்குப் பிறகு தமிழில் இருவரும் நாயகர்களாகச் சேர்ந்து நடிக்கவில்லை. அது தாங்கள் பேசி எடுத்த முடிவு என்று கமல் மேடைகளில் சொல்லியிருக்கிறார். இருபதுகளில் இருக்கும் இரண்டு ஆண்கள், தொழிலில் போட்டி வரப்போகிறது என்பதை முகத்துக்கு நேரே பேசிக்கொண்டார்கள்! நம் வீடுகளில் அண்ணன் தம்பிகள்கூட இதைச் செய்வதில்லை. 2019-இல் கமலின் அலுவலகத்தில் பாலசந்தர் சிலை திறக்கப்பட்டபோது ரஜினியும் வந்து நின்றார். சேர்ந்து நடிக்கப்போவதாக 2025-இல் கமலே சொன்னபோது, அந்தக் காலத்து எதிரணிகள் இரண்டும் ஒன்றாகக் கொண்டாடின.

பேசாமல் முற்றவிட்டால் என்னவாகும் என்பதும் நம் சினிமாவுக்குத் தெரியும். 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர். ராதாவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது, எம்.ஜி.ஆருக்கு ஐம்பது நிறைய ஐந்து நாள்தான் பாக்கி. எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். பேச்சு துப்பாக்கியில் முடிந்து, இருவர் உடம்பிலும் குண்டு பாய்ந்தது. எம்.ஜி.ஆருக்குக் குரல் மாறிப்போயிற்று, ராதாவுக்குச் சிறை.

கிரிவலப் பாதைக்கே திரும்புவோம். அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கிறது. அவருடைய திருவெம்பாவை பிறந்த இடம் இதுதான் என்பது ஊர் நம்பிக்கை. அதில் வரும் பெண்கள் தூங்குகிற தோழியை எவ்வளவு கேலி செய்கிறார்கள்! ஆனாலும் அவளை விட்டுவிட்டு நீராடப் போவதில்லை. வாசலிலேயே நின்று கூப்பிடுகிறார்கள். நண்பனின் வாசலில் அப்படிப் போய் நிற்க ஆண்களுக்கு ஏன் இத்தனை கூச்சம்?

போட்டியில் பிரிந்த நண்பரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். குறிப்பாக, ஐம்பதைக் கடந்த ஆண் வாசகர்களின் கடிதங்களை எதிர்பார்க்கிறேன். எங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்கே ஒரு போன் போட்டுவிட்டால், அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்