இலச்சினை வரைபவரும் வரையச் சொல்பவரும்

புதிதாக வர்த்தகம் தொடங்கும் எவருக்கும் இன்று ஓர் இலச்சினை தேவைப்படுகிறது. பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டு, பை, வாகனம், கைத்தொலைபேசித் திரை என அது ஏறி அமராத இடமில்லை. ஆனால் அது எவ்வாறு உருவாக வேண்டும் என்பதில்தான் நம்மவர் பலருக்குத் தெளிவில்லை. வடிவமைப்பாளரிடம் செல்லும்போதே, "ஓர் உதயசூரியன் இருக்கட்டும், பக்கத்தில் இரண்டு கைகள், கீழே பூகோளம், நிறம் கொஞ்சம் தூக்கலாக" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு பத்து மாதிரிகள் கேட்கிறார்கள். மூன்றாவது மாதிரியின் தலையையும் ஏழாவது மாதிரியின் வாலையும் ஒட்டித் தரச் சொல்கிறார்கள்.

வைத்தியரிடம் போனவர் மருந்தைத் தாமே எழுதிக்கொண்டு, கையொப்பத்தை மட்டும் அவரிடம் கேட்பது போன்றது இது. வடிவமைப்பாளரிடம் நாம் கொண்டு செல்ல வேண்டியது படத்தை அல்ல, பிரச்சினையை என்பதே என் கருத்து.

இதற்கு நல்லதோர் உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 1985இல் அப்பிள் நிறுவனத்தை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜொப்ஸ், நெக்ஸ்ட் என்ற கணனி நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கான இலச்சினையை வரைய அவர் நாடியது போல் ரான்ட் என்ற முதுபெரும் வடிவமைப்பாளரை. ஐபிஎம் நிறுவனத்தின் இலச்சினையை 1956இல் வடிவமைத்தவரும், 1972இல் அதற்கு இன்று நாம் காணும் எட்டுக் கோடுகளைத் தந்தவரும் அவரே. ஐபிஎம்முடன் ஒப்பந்தத்தில் இருந்ததால், அந்நிறுவனத்தின் அனுமதி கிடைத்த பின்னரே ரான்ட் இப்பணியை ஏற்றார்.

1986இல் அவர் கேட்ட கூலி ஒரு இலட்சம் டொலர். சில மாதிரிகளைக் காட்ட முடியுமா என்று ஜொப்ஸ் கேட்டபோது, முடியாது என்றார். உங்கள் பிரச்சினைக்கு நான் ஒரு தீர்வு தருவேன். அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம். பணத்தை மட்டும் தந்துவிட வேண்டும் என்பதே அவரது நிபந்தனை. ஜொப்ஸ் போன்ற பிடிவாதக்காரரும் அதற்கு உடன்பட்டார்.

இதை ரான்டின் அகந்தை என்று சொல்பவர்கள், அவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். முதலில் அவர் ஜொப்ஸ் சொல்வதைக் கேட்டார். கணனி கனசதுரப் பெட்டி வடிவில் இருக்கும் என்று அறிந்துகொண்டார். அடுத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஆராய்ந்தார். நெக்ஸ்ட் என்ற சொல்லை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினால், வெளியேறும் வாசல்களுக்கு மேல் காணப்படும் 'எக்ஸிட்' என்ற சொல்லோடு கண் மயங்கிவிடும். வாசலைத் திறக்கும் நிறுவனத்துக்கு இது நல்ல சகுனமா? எனவே இரண்டாவது எழுத்தான 'ஈ'யை மட்டும் சிறிய எழுத்தாக மாற்றினார். கல்வியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தொடங்குவதும் அதே எழுத்தில்தான். நிறுவனம் குறிவைத்த சந்தையோ பல்கலைக்கழகங்கள். பெயரை இரண்டு வரிகளாகப் பிரித்து, 28 பாகை சாய்ந்த கறுப்புப் பெட்டியொன்றில் அமர்த்தினார். இந்த முடிவுகளுக்கான காரணங்களைப் படிப்படியாக விளக்கி ஒரு சிறு நூலும் தயாரித்துக் கையளித்தார்.

கேட்டல், ஆராய்தல், தேர்தல், காரணம் கூறல் ஆகிய நான்கும் சேர்ந்ததே வடிவமைப்பு. வரைதல் அதன் கடைசிப் பகுதி. பத்து மாதிரிகள் கேட்கும்போது, ஆராய்ந்து தேரும் பொறுப்பை வடிவமைப்பாளரிடமிருந்து பறித்து நம் தலையில் நாமே சுமந்துகொள்கிறோம். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடிச் சித்திரம் எழுத முடியாது.

பத்திரிகைக் காரியாலயத்தில் விளம்பரப் பக்கங்களோடு பல ஆண்டுகள் மாரடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நல்ல இலச்சினையை அடையாளம் காண எளிய சோதனை, அதை ஒற்றைப் பத்தி விளம்பரத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்ப்பது. கணனித் திரையில் ஏழு நிறங்களில் மின்னிய எத்தனையோ சின்னங்கள் மலிவான தாளில் மைக்கறையாகிப் போனதைக் கண்டிருக்கிறேன். திரை சிறுத்துவிட்ட இக்காலத்துக்கும் அந்தச் சோதனை பொருந்தும்.

நம் நாட்டுக்கென்று இன்னுமொரு பிரச்சினை உண்டு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் பெயர் தாங்க வேண்டியவை நமது பலகைகள். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலப் பெயருக்கு மட்டும் இலச்சினை வரைந்துவிட்டு, தமிழை ஏதோ ஓர் எழுத்துருவில் கீழே திணித்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பவை. தமிழுக்கோ மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் உண்டு. 'ண' அகன்று நிற்கும், 'ர' ஒடுங்கி நிற்கும். ஆங்கிலத்துக்காக வெட்டிய பெட்டியில் அதைப் போட்டால் மூச்சுத் திணறத்தான் செய்யும். மூன்று மொழிகளும் வேண்டும் என்பதை முதல் நாளே வடிவமைப்பாளரிடம் சொல்வதும் பிரச்சினையைச் சொல்வதில் அடங்கும்.

"நைக்கி நிறுவனத்தின் சின்னத்துக்கு வெறும் 35 டொலர்தானே கொடுத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1971இல் கரொலைன் டேவிட்சன் என்ற மாணவி அந்தத் தொகைக்குத்தான் அதை வரைந்தார். ஆனால் 1983இல் அதே நிறுவனம் அவரை அழைத்து, மோதிரமும் நிறுவனப் பங்குகளும் வழங்கிக் கௌரவித்தது. கொடுத்தது போதாது என்பதை நிறுவனமே உணர்ந்திருந்தது. இன்று கணனியே நொடிப்பொழுதில் நூறு சின்னங்களைத் தந்துவிடுகிறது. ஆனால் அடுத்த கடைக்காரரிலிருந்து நீங்கள் எவ்வாறு வேறுபடுகிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லாமல் கணனிக்கும் தெரியாது. இணையத்திலிருந்து சுட்ட படமோ இன்னும் ஆபத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தகக் குறியைப் பதிந்தால் பத்தாண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. பின்னர் புதுப்பித்தும் கொள்ளலாம். பிறருடையதை எடுத்துப் போட்டவர் அந்தப் பாதுகாப்பை எந்த முகத்தோடு கோருவார்?

அதேவேளை, இலச்சினையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்ப்பதும் தவறு. நெக்ஸ்டின் கணனிகள் சந்தையில் எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. நிறுவனத்தை அப்பிளே வாங்கிக்கொண்டது. 1996இல் மறைந்த ரான்டின் கடைசிப் பணிகளுள் ஒன்று, என்ரொன் என்ற எரிசக்தி நிறுவனத்துக்கு வரைந்த சாய்ந்த 'ஈ'. கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் அந்நிறுவனம் வங்குரோத்தானபோது, அதே எழுத்தை மக்கள் 'கோணல் ஈ' என்று ஏளனம் செய்தார்கள். ஐபிஎம்முக்கு வரைந்ததும் என்ரொனுக்கு வரைந்ததும் ஒரே கைதான். ஒன்று நம்பிக்கையின் அடையாளமாயிற்று. மற்றது மோசடியின் அடையாளமாயிற்று. அந்த வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்தவர்கள்.

ஆகவே, இலச்சினை வரையச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: என்ன விற்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள், மற்றவர்களிலிருந்து எதில் மாறுபடுகிறீர்கள், இந்தக் குறி எங்கெல்லாம் தோன்றப் போகிறது. அதனை வடிவமைப்பாளரிடம் கொடுத்து, பேசிய கூலியையும் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் வைத்துவிட்டு, அவருடைய வேலையை அவரைச் செய்ய விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலை, கடை திறந்த பிறகு தினமும் இருக்கிறது.